தணிகாசலத்தின் ஆடாத லென்ஸ்

தணிகாசலத்தை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது என்பதால் இரு தரப்பிலும் குறையில்லை. புதுச்சேரி மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையை ஒட்டி அவர் வைத்திருந்த ஸ்டுடியோவுக்குள் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனவர்கள் திட்டு வாங்காமல் வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. தாடையைத் தூக்கு, தோளை இறக்கு, திருடன் மாதிரி முழிக்காதே என்று ஆளுக்கு ஒரு அர்ச்சனை நடக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுப் பெரியவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. கான்சுலேட்டுக்குக் கொடுக்கிற படத்தில் சிரிக்கக் கூடாது. ஒருவர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட, "பென்ஷன் வந்ததும் சிரிங்க முசியே, இப்ப வாய மூடுங்க" என்றுவிட்டார்.

சிரிப்பு அடங்காதவர்களுக்கு அவரிடம் வேறொரு வைத்தியமும் இருந்தது. நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் பெரிதாக ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். "அதப் பாரு" என்பார். பார்த்தவுடன் முகம் இறங்கிவிடும். இவர் கிளிக் செய்துவிடுவார். அது என்ன படம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மகனும் ஆலைக்குள்ளேயே போயிருப்பான். ஆனால் பதினெட்டு வயதில் தணிகாசலம் ஆலைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் இரவல் கேமராவால் எடுத்த படத்தை எல்லோரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. முப்பது வருஷம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஓடினார். வாய் நாறினாலும் வேலை சுத்தம் என்று ஊர் பொறுத்துக்கொண்டது.

பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. கல்யாண வீட்டில் அதனால் படம் கெடாது. பிளாஷ் மின்னுகிற நேரம் கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது. அதற்குள் எந்தக் கையும் ஆடிவிட முடியாது. கெட்டது பெயர்தான். பெண் வீட்டார் கேமராவைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்கள். அவரிடமே தொழில் பழகிய மைத்துனன் கமலக்கண்ணன், "மாமா காலையிலயே ஊத்திக்கிறாரு, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று ஒவ்வொரு மண்டபத்திலும் ரகசியமாகச் சொல்லி வைத்தான். தணிகாசலம் குடிப்பவர் அல்ல. கள்ளுக்கும் சாராயத்துக்கும் பஞ்சமில்லாத ஊரில் குடிக்காத ஒருவனைக் குடிகாரன் ஆக்கினான் அந்த மகாபாவி. இரண்டே வருஷத்தில் முகூர்த்தங்கள் எல்லாம் கமலக்கண்ணன் கைக்குப் போய்விட்டன. அக்காவைப் பார்க்க வருகிற சாக்கில் ஸ்டுடியோவையும் அவன் அளவெடுக்கத் தொடங்கினான்.

இந்த நிலைமையில்தான் இரண்டாயிரத்து எட்டாம் வருஷத் தொடக்கத்தில் அந்த லென்ஸ் வந்தது.

சென்னையில் ஒரு பதிப்பகம், சோழமண்டலக் கரை முழுவதையும் பயணிகளுக்குக் காட்டும் பெரிய படப்புத்தகம் ஒன்று போடப் போகிறது. அதன் பொறுப்பாசிரியர் ஹேமலதா என்ற பெண், தணிகாசலத்தின் பழைய படங்கள் சிலவற்றை எங்கோ பார்த்துவிட்டுத் தேடி வந்தாள். புத்தகம் முழுக்க அந்திக்கும் விடியலுக்கும் நடுவே எடுத்த படங்கள்தான். பிளாஷ் கூடவே கூடாது. பிளாஷ் அடித்தால் எல்லா ஊரும் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும் என்றாள். முதலில் புதுச்சேரிக்கு நான்கு படம். தேறினால் நாகப்பட்டினம் வரை ஒரு வருஷ வேலை அவருக்கே, லென்ஸும் அவருக்கே. தேறாவிட்டால் லென்ஸைக் கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டும்.

லென்ஸைக் கையில் வாங்கித் தணிகாசலம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய் அகன்ற கண்ணாடி. மங்கல் வெளிச்சத்தையும் அள்ளிக் குடிக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச். அதைத் தள்ளினால் உள்ளே ஒரு கண்ணாடி, கை இந்தப் பக்கம் ஆடினால் அந்தப் பக்கம் நகர்ந்து ஆட்டத்தைச் சரிக்கட்டிவிடும். ஸ்டெபிலைசர் என்று ஹேமலதா சொன்னாள். மனைவி தனக்கொடி, அது பிரிட்ஜுக்கு அல்லவா வைப்பார்கள் என்று கேட்டாள். வியூபைண்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஜன்னல், பொத்தானைப் பாதி அழுத்தியதும் மெல்ல மிதந்து நின்றுவிட்டதைத் தணிகாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக உலகம் அசையாமல் நின்றது. இந்த லென்ஸ் இருந்தால் சாகும்வரை போட்டோகிராபர். இல்லாவிட்டால் மைத்துனன் கடையில் ஆல்பம் ஒட்டுகிற ஆள். அவ்வளவுதான் விஷயம்.

மூன்று படங்கள் சுலபமாக வந்தன. விளக்கேற்றும் நேரத்தில் மஞ்சள் சுவர் வைத்த பிரெஞ்சுக்காரத் தெரு. மாலைப் பூசைக்கு முன் மெழுகுவத்தி மட்டும் எரிந்த மாதா கோவில் பீடம். வில்லியனூர்க் கோயில் பிராகாரம். சுவரும் தூணும் ஓடிவிடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை விநாடிகூட ஷட்டரைத் திறந்து வைத்தார், ஒரு கோடு கலங்கவில்லை. ஹேமலதா போனில் பாராட்டினாள். நான்காவது படம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடிவதற்கு முன் நடக்கும் மீன் ஏலம்.

அங்கே போவதற்குத்தான் தணிகாசலம் தயங்கினார். காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சுனாமி வந்த அன்று மதியம், அடையாளம் தெரியாத உடல்களைப் படம் எடுக்க அரசாங்க ஆட்கள் அவரைக் கூட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரி முற்றத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட முகங்கள். முகத்துக்கு நேராகக் குனிந்து, பிளாஷ் அடித்து, எண் எழுதிய அட்டையை நகர்த்தி, அடுத்தது. இருபதைத் தாண்டும்போது கை நடுங்கத் தொடங்கியது. அன்றைக்குப் பிடித்த நடுக்கம்தான் இது. முப்பதாவதோ என்னவோ, ஒரு பையனைப் பார்த்துவிட்டு ஒரு பெண்பிள்ளை ஓடி வந்து விழுந்தாள். மாராப்பு நழுவிக் கிடந்தது, வாய் பிளந்திருந்தது, சத்தமே வரவில்லை. தணிகாசலம் யோசிக்கவில்லை. பிளாஷ் அடித்தார்.

அரசாங்கம் கேட்ட படம் அல்ல அது. அவருக்காக எடுத்த படம். வாழ்க்கையில் இதைவிட நல்ல படம் எடுத்ததில்லை என்று நினைத்தார். நிவாரண நிதி திரட்ட வந்த ஓர் அமைப்பு கேட்டபோது பெருமையாகக் கொடுத்தார். அவர்கள் அதை ஆள் உயர பேனராக்கி நகரத்தின் பெரிய சிக்னலில் தொங்கவிட்டார்கள். தணிகாசலம் தன் பங்குக்கு ஒன்றைச் சட்டம் போட்டு ஸ்டுடியோவில் மாட்டிக்கொண்டார். சிரிக்கிறவன் வாயை அடைக்க அவர் காட்டியது அந்தப் படத்தைத்தான். இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

அந்தப் பெண்பிள்ளை பெயர் வீராயி. தேங்காய்த்திட்டில் ஏலம் கூறுகிறவள் அவள்தான். பிளாஷ் மின்னினால் யார் என்றும் பார்க்க மாட்டாள். மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு எடுத்து வீசுவாள் என்று ஊரே அறியும். வெள்ளைக்காரர் இரண்டு பேர் நாறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எடுத்தவனின் முகம் அவளுக்குத் தெரியாது என்பது மட்டும் தணிகாசலத்துக்கு ஆறுதல். பிளாஷ் வேண்டாத லென்ஸ் கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டார். இருட்டில் நின்று, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

முதல் நாள் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கேமராவையும் துண்டு மூடியிருந்தது. கூரையில் நாலைந்து டியூப் லைட், தூரத்தில் ஒரு சோடியம் விளக்கு. வெளிச்சம் அவ்வளவுதான். பத்தில் ஒரு விநாடி ஷட்டர் வைத்து எண்பது படம் எடுத்தார். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் படகு, தூண், கூடையின் பின்னல்கூட எண்ணிவிடலாம். மனிதர்கள் மட்டும் புகையாகக் கலைந்து கிடந்தார்கள். தணிகாசலம் பல்லைக் கடித்தார்.

ஹேமலதா போனில் அதையே சொன்னாள். "தூணு பிரமாதம் சார். ஆளுங்க எங்க? லென்ஸ் உங்க கையத்தான் புடிச்சு நிறுத்தும். அவங்கள யாரு நிறுத்துறது?"

ஐஎஸ்ஓ என்கிற வெளிச்ச உணர்வை ஏற்றி ஷட்டரை வேகமாக்கலாம்தான். ஏற்றினால் படம் முழுக்க மணலைத் தூவினாற்போல் ஆகிவிடும், பெரிய தாளில் அச்சேறாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை. போனை வைத்ததும், நேற்று முளைத்த சிறுக்கி எனக்குத் தொழில் சொல்லித் தருகிறாள் என்று அரை மணி நேரம் சுவரோடு பேசினார்.

இரண்டாம் நாள் அவர் கேமராவைத் தொடவே இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. தேங்காய்த்திட்டில் ஏலம் கேட்பவர்கள் வாயால் பேச மாட்டார்கள். ஒரு தலையசைப்பு, விரல் தூக்கல், அதுவே கேள்வி. அதனால் வீராயி விலையை ஏற்றிக்கொண்டே போய் "ரெண்டுதரம்" என்றதும், வாங்க விரும்பாதவர்கள் எல்லோரும் சிலையாகிவிடுவார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டார்கள். கை தூக்கினால் மீன் தலையில் விழும். ரெண்டுதரத்துக்கும் மூணுதரத்துக்கும் நடுவே இரண்டு விநாடி அந்தக் கூடமே உறைந்து நிற்கும். வீராயிகூட வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். தணிகாசலத்துக்கு இரண்டு விநாடி என்பது ஒரு யுகம்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அதே துண்டுக்குள் சுவிட்சைத் தள்ளிவிட்டு, தூணில் முதுகைச் சாய்த்து, காத்திருந்தார். சங்கரா மீன் இரண்டு கூடை ஏலத்துக்கு வந்தது. "ஒருதரம்." கூட்டம் அடங்கியது. "ரெண்டுதரம்." பொத்தானை அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கேமராவின் பின்பக்கத்தில் மின்னி மறைந்த படத்தைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது முகங்கள், ஈரம் மின்னும் மீன்கள், நடுவில் வீராயி. ஒரு மயிரிழை கலங்கவில்லை. வந்துவிட்டது. வேலை, லென்ஸ், மானம் எல்லாம் வந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் வலது கையைக் கேமராவிலிருந்து எடுத்துவிட்டார். முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் நல்ல படம் விழுந்ததும் கையைத் தலைக்கு மேல் தூக்கி உதவியாளுக்குக் காட்டிய பழக்கம். கை தானாக உயர்ந்தது. உயர்ந்து நின்று நடுங்கியது.

"மூணுதரம். துண்டு போட்ட ஆளுக்கு" என்றாள் வீராயி.

எல்லாத் தலைகளும் திரும்பின. புதிதாக ஒரு வியாபாரி வந்திருக்கிறான் போல என்று வீராயி கூடையோடு அருகில் வந்தாள். துண்டு விலகிக் கேமரா தெரிந்தது. பின்னால் நின்ற ஒருத்தி வாளியைத் தூக்கினாள். வீராயி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. தணிகாசலத்தின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கைய எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னைக்கி பிளாஷ் அடிச்சதுல மூஞ்சி தெரியல. கண்ணு கூசிப் போச்சி. அப்புறம் கண்ண தொறந்தா மொதல்ல தெரிஞ்சது இதான். கேமரா பொட்டி மேல கெடந்து இப்பிடியே ஆடிக்கினு இருந்துச்சி."

தணிகாசலம் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். லென்ஸ் படத்திலிருந்துதான் நடுக்கத்தை எடுக்கும், கையிலிருந்து எடுக்காது. படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினார். நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

"திரும்பவும் என் வாயா?"

இது வேறு, இது புத்தகத்துக்கு, நீ ராணி மாதிரி நிற்கிறாய், ஊர் உலகமெல்லாம் பார்க்கும் என்று தணிகாசலம் அடுக்கினார். வாழ்க்கையில் அவர் யாரையும் அவ்வளவு புகழ்ந்ததில்லை. அவளுக்கு எரிச்சல்தான் ஏறியது.

"கேட்டியா?"

"கேட்டா குடுக்க மாட்டியேம்மா."

"குடுக்க மாட்டேன். அதுக்குத்தான் கேக்கணும்."

வாளி இன்னும் தூக்கியபடியே இருந்தது. வீராயி விரலை நீட்டி, அழி என்றாள். ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாக, அவள் பார்க்கப் பார்க்க அழித்தார். அழிக்கும்போது அவருக்கு அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அப்படித்தான் இருந்தது.

பிளாஷ் இருக்கிறதா என்று கேட்டாள். பையில் இருந்தது. மாட்டச் சொன்னாள். முந்தானையால் முகத்தில் ஒட்டிய செதிலைத் துடைத்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். மாராப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அன்னைக்கி நீ ஒரு நிமிசம் நின்னிருந்தா நான் மாராப்பு போட்டுகினு இருப்பேன். எம்புள்ள ராஜ்கமலு தலை ஒருபக்கமா சாஞ்சி கெடந்துச்சி, அத நேரா வெச்சிருப்பேன். இப்ப எடு."

இடுப்பில் கைவைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு லென்ஸை நேராக முறைத்தாள். பிளாஷ் வெடித்தது. அவள் கண்ணை இமைக்கவில்லை.

"அது சிக்னல்ல இருவத்திரெண்டு நாளு தொங்குச்சி. நான் எண்ணுனேன். அப்புறம் அதே பேனர கழட்டிக்கினு போயி, நாங்க தங்குன ஷெட்டுல கக்கூசுக்கு மறைப்பு கட்டுனானுங்க. இத அதே எடத்துல, அதே அளவுல மாட்டு. இருவத்திரெண்டு நாளு." திரும்பி நடந்தவள் நின்றாள். "மீன எடுத்துகினு போ. ஏலம் ஏலம்தான்."

இரண்டு கூடை சங்கராவை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு மூலக்குளம் வந்து சேர்ந்தார். பேனராவது மண்ணாவது என்று வழியெல்லாம் வைதுகொண்டே வந்தார். ஸ்டுடியோவைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே அந்தப் படம். மூன்று வருஷமாக அதில் அவர் பார்த்தது வெளிச்சம் விழுந்த விதம், வாயின் வடிவம், சட்டத்துக்குள் உருவம் அடங்கிய அழகு. இப்போதுதான் மூலையில் அந்தப் பையனைப் பார்த்தார். தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, காது மண்ணில் கிடந்தது. தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. அந்த வயதில் அப்படி ஒரு வெட்கம் ஆளைச் சாய்த்துவிடும். மீன் எதற்கு இவ்வளவு என்று கேட்டுக்கொண்டே வந்த தனக்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "இத்தினி நாளா இத வெச்சிக்கினா சோறு தின்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை லென்ஸ் கூரியரில் போனது. ஹேமலதா காரணம் கேட்டாள். படம் வரவில்லை என்றார். அடுத்த வாரமே, ஹேமலதா வேலையை மாற்றிக் கொடுத்ததில், அது கமலக்கண்ணன் கைக்கு வந்தது. அவன் வீடு தேடி வந்து, பீடத்தையும் தூணையும் படம் எடுக்க என்ன உபாயம் என்று குழைந்தான். நல்ல ஸ்டாண்டில் மாட்டி எடு என்றார். ஸ்டாண்டில் மாட்டினால் அந்த சுவிட்சை அணைத்துவிட வேண்டும், அணைக்காவிட்டால் இல்லாத ஆட்டத்தைத் தேடி லென்ஸே ஆடித் தொலைக்கும் என்பதைச் சொல்லவில்லை. கமலக்கண்ணனின் தூண்கள் எல்லாம் கலங்கி வந்தன. தணிகாசலம் திருந்திவிட்டார் என்று நினைத்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பேனர் சிக்னலில் ஏறியது. பெயர் இல்லை, எழுத்து இல்லை. இடுப்பில் கைவைத்து முறைக்கும் ஒரு மீன்காரி. தேர்தலில் நிற்கிறாளா, எந்தக் கட்சி என்று ஆட்டோக்காரர்கள் கேட்டார்கள். பிறந்தநாள் பேனர் கட்ட வந்த ஒரு கும்பல் அதைக் கழற்றப் பார்த்தது. தணிகாசலம் நடுரோட்டில் நின்று அவர்கள் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார். இருபத்திரண்டு நாளும் காலையும் மாலையும் வந்து கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

இருபத்திரண்டாம் நாள் வீராயி காலிக் கூடையோடு பஸ்ஸில் இறங்கி வந்தாள். அண்ணாந்து ஒரு முறை பார்த்தாள். அவர் கழற்றிக் கொடுத்ததை நாலாக மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டாள். மழைக்கு மீனை மூட ஆகும் என்றாள். போகத் திரும்பியவளைத் தணிகாசலம் கூப்பிட்டார்.

"ஏம்மா, இந்தப் படத்துல ஒண்ணு என் கடை சொவத்துல மாட்டிக்கட்டுமா?"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. வீராயி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"மாட்டாத" என்றாள்.

அவர் மாட்டவில்லை. ஸ்டுடியோவின் எதிர்ச் சுவரில் இன்றைக்கும் ஆணி மட்டும்தான் இருக்கிறது. படம் எடுக்க வந்து சிரிப்பவர்களை அவர் இப்போதும் திட்டத்தான் செய்கிறார். ஆனால் அவர்களாகச் சிரித்து முடிக்கும் வரை, நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.